மாரடைப்பும் வால்வுக் கட்டியும்

மாரடைப்பு என்றவுடன் இதயத் தமனியில் படியும் கொழுப்பையே நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும், இளவயதினர் ஒருவருக்கு மாரடைப்பு நேர்ந்து, தமனிகளில் கொழுப்புப் படிவு ஏதும் புலப்படாவிடில், ஆராய்ச்சியை அத்துடன் நிறுத்துவது தவறென்பது எமது கருத்து.

அரிதாக, பெருந்தமனி வால்வின் இதழில் சிறு கட்டியொன்று வளர்வதுண்டு. பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்பது அதன் பெயர். பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். நீரிலிட்டால் கடற்சாமந்திபோல் இழைகளை விரிக்கும். இது புற்றுநோயன்று, அமைந்த இடமே கேடு. இதயத் தசைக்குக் குருதி தரும் இரு தமனிகளின் வாய்களும் அவ்வால்வை அடுத்து மேலே உள்ளன. கட்டியின் துணுக்கோ, அதன்மேல் உறைந்த குருதியோ பெயர்ந்து தமனியை அடைக்கலாம். சில வேளை கட்டியே வாயை மூடிவிடும். துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த மீயொலிப் பரிசோதனையே, இன்று எக்கோ என வழங்குவது, இக்கட்டியைப் பெரும்பாலும் காட்டிவிடுகிறது. அறுவையால் கட்டியை அகற்றி, பல நேரங்களில் வால்வையும் காக்கலாம்.

கொல்கத்தா பவானிபூரில் இன்று சேட் சுக்லால் கர்னானி நினைவு மருத்துவமனை உள்ள வளாகத்தில்தான், 1898-இல் ரொனால்டு ராஸ் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் பறவை மலேரியாக் கிருமியைக் கண்டார். அங்கு இப்போது இதயநோய்ப் பிரிவும் உண்டு. இத்தகைய மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அனுப்பும் களப்பணியாளர், "தமனியில் அடைப்பில்லை" என்ற சீட்டுடன் ஒருவர் திரும்பினால், எக்கோ எடுக்கப்பட்டதா என வினவுதல் வேண்டும். ஆசிரியரும் இதயப் படம் வரையும்போது, வால்வுக்கு மேலுள்ள அவ்விரு வாய்களை விடாது குறிப்பாராக.