கேட்டல் என்றால் பேச்சைக் கேட்டல் மட்டுந்தானா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரு செவிகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவரைச் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. 70 டெசிபல் இழப்புள்ளவரைக் காது கேளாதவர் என்கிறது. அளக்கப்படுவது பேச்சு ஒன்றே. சலுகை வழங்கும் சட்டத்துக்கு அது போதலாம். அதையே கேட்டலின் இலக்கணமாகக் கல்விப்புலம் ஏற்றதுதான் பிழை. அப்பிழையின் விலையைச் செலுத்துவோருள் ஒரு சிறு கூட்டம், மூத்த அமெச்சூர் வானொலி மோர்ஸ் இயக்குநர்கள்.

“பெரியவருக்குக் காது மந்தமாகிவிட்டது, இனி மென்பொருள்தான் கதி” என்னும் பரிவுரை ஹாம் வட்டங்களில் எளிதாக வழங்குகிறது. பரிவு உண்மை, கூற்று பொய். மூப்பு பொதுவாகச் செவியின் உயர் அதிர்வெண்களையே முதலில் அரிக்கிறது. ‘ஸ்’ போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரிதும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால், முதியவருக்குக் குரல் கேட்கிறது, சொல் பிடிபடுவதில்லை. மோர்ஸோ பெரும்பாலும் 500 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் ஒலிப்பது. மேலும், அங்கே சுருதியை வைப்பவர் கேட்பவரே. பேரனின் குரலைத் தாழ்த்த முடியாது; ஏற்பியின் ஒலியை ஒரு குமிழைத் திருகி 450க்கு இறக்கலாம்.

இடர்களே இல்லை என்பதன்று. காதிரைச்சலின் சுருதியும் குறியொலியின் சுருதியும் ஒன்றினால் எழுத்துகள் அதில் கரையும். சுருதியைச் சற்று விலக்கி வைக்க வேண்டும். இரைச்சலை வெட்ட வடிப்பானை மிகக் குறுக்கினால் ஒலி ரீங்கரித்துப் புள்ளிகளுக்கு இடையிலான மௌனத்தை நிரப்பிவிடும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் அந்த மௌனம் 60 மில்லிநொடிதான். ஒலியைக் கூட்டுவதும் தீர்வாகாது: மூத்த செவியில் மெல்லொலி கேளாதிருந்து, சற்றே கூட்டியதும் வலியொலியாகத் தாக்கும். வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம். அதற்கு மரபிலேயே ‘கியூஆர்எஸ்’ என்னும் குறி உண்டு, உரையாடலில் “என்ன சொன்னாய்?” என்று மூன்றாம் முறை கேட்பதன் கூச்சம் அதில் இல்லை.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. பேச்சுக்கென வடிக்கப்பட்ட எண்முறைச் செவித்துணைக் கருவி, நீடிக்கும் தூய ஒலியைத் தன் கீச்சொலி என்றோ இரைச்சல் என்றோ கருதி அமுக்கக்கூடும். கருவியை அணிந்ததும் மோர்ஸ் குலைகிறது. பழி காதின்மேல் விழுகிறது. பல கருவிகளில் அவ்வசதிகளை அணைத்துத் தனி நிரலொன்று அமைத்துத் தர முடியும். ஆனால் எதைக் கேட்க விரும்புகிறீர்கள் என்று வினவப்பட்டால்தானே!

ஒரு சிலருக்காகவா இத்தனை என்பர். தம்பூராச் சுருதியில் அமர விழையும் முதிய பாடகரும் இதே கருவியோடுதான் போராடுகிறார்.

மென்பொருளைப் பரிந்துரைப்போருக்கு ஒரு சொல். இயந்திரம் அனுப்பும் சீரான குறிகளை அது நன்கு படிக்கும். மங்கி மறையும் அலையில், கையால் தட்டிய குறிகளில், பழகிய செவி அதை மிஞ்சும். ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. அழைப்புக்குறி வருமுன்னரே நண்பரை அடையாளம் காண்பவர்கள் உண்டு. தனிமனிதக் கிளைமொழி பற்றி நூல்கள் எழுதும் மொழியியலார் இதைத் தரவாகக்கூட மதிப்பதில்லை.

இத்தனைக்கும் செவிச்சோதனை தூய ஒலிகளால்தான் நடக்கிறது. 500 ஹெர்ட்ஸில் அந்தச் செவி என்ன கேட்கிறது என்பது தாளிலேயே பதிவாகிறது. பிறகு அதை 1000, 2000, 4000 ஆகியவற்றோடு கூட்டிச் சராசரியாக்கி, அந்த ஒற்றை எண்ணை முதியவர் கையில் கொடுத்தனுப்புகிறார்கள்.