மல்லாட்டைக்கு எது சொந்த ஊரு?

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டைன்னுதான் பேரு. மணிலாக்கொட்டை தேய்ஞ்சு தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. பேருல பிலிப்பைன்ஸ், பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனா கல்வராயன் மலை அடிவாரத்துல மானாவாரியா வெளஞ்சா அது நம்ம சரக்குதான். வெளஞ்ச மண்ணுதான் சொந்த ஊருன்னு வர்த்தக ஒப்பந்தங்களும் ஒத்துக்குது. இதுல தகராறே இல்லீங்க.

தகராறு, ஒரு நாட்டுல வெளஞ்சு இன்னொரு நாட்டு ஆலைக்குள்ள போய் வர்ற சரக்குலதான்.

இந்திய-இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பர்ல கையெழுத்தாகி 2000 மார்ச்ல அமலுக்கு வந்துச்சு. வெளிநாட்டு மூலப்பொருள்ல செஞ்சாலும், சுங்கப் பட்டியல்ல தலைப்பு மாறி, ஏற்றுமதி விலையில 35 சதவீதம் இலங்கையில சேர்ந்த மதிப்பா இருந்தா அது இலங்கைச் சரக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. என்ன நடந்துச்சு? மலேசியா, இந்தோனேசியா பாமாயில் இலங்கைக்குப் போய் வனஸ்பதியாகி, வரியில்லாம இங்க வந்து குவிஞ்சுது. ஆலை போட்டதுல பல பேர் நம்ம ஊர் முதலாளிங்களேதான்!

35 சதவீதம் எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். பாமாயில் 60 ரூபாய். 2005-ல இந்தியாவுல கச்சா பாமாயிலுக்கு 80 சதவீதம் வரி. ஆக இங்க இருக்குற ஆலைக்கு எண்ணெயே 108 ரூபாய். இலங்கை ஆலை வனஸ்பதியை 95-ன்னு வித்தாலும் அதுதான் மலிவு. 95-ல 60 போக 35. கிட்டத்தட்ட 37 சதவீதம், பாஸ்! வரியே இல்லாம 70-க்கு வித்திருந்தா? வெறும் 14 சதவீதம், ஃபெயில். அதாவது விவசாயியைக் காப்பாத்த நாம போட்ட வரியேதான் "உள்நாட்டு மதிப்பு"ன்னு வேஷம் கட்டிக்கிட்டு உள்ள வருது. கடைசியில ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன்னுன்னு உச்சவரம்பு போட்டாங்க. விதி அப்படியேதான் இருந்துச்சு.

பழைய கதைன்னு நெனைக்காதீங்க. 2024 செப்டம்பர்ல கச்சா எண்ணெய்க்கு 20, சுத்திகரிச்சதுக்கு 32.5 சதவீதம்னு அடிப்படை வரியை ஏத்துனாங்க. கொஞ்ச மாசத்துலயே நேபாளத்துல இருந்து சுத்திகரிச்ச சோயா எண்ணெய் மளமளன்னு வர ஆரம்பிச்சுது. அந்த அளவுக்கு அங்க சோயா வெளையறதே இல்ல. கப்பல்ல வந்து, நம்ம வங்காளத் துறைமுகத்துல எறங்கி, நேபாளம் போய்த் திரும்பி வருது. தெற்காசிய ஒப்பந்தத்துல நேபாளத்துக்கு 30 சதவீதமே போதும்.

"ஏழைக்கு மலிவா எண்ணெய் கெடைச்சா உனக்கென்ன?"ம்பாங்க சில பேர். ரேஷன்ல பாமாயில் குடுக்கறது அரசாங்கம் ஊரறியச் செய்யுற முடிவு. மலிவு வேணும்னா வரியையும் அதே மாதிரி எல்லாருக்கும் பொதுவா குறைங்க, சண்டை போட வேண்டியவங்க போடட்டும். இது கொல்லைப்புறக் கதவு. மிச்சப்படுற வரியில ஏழைக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவுன்னு யாரும் சொல்றதில்ல. சோயா, பாமாயில் எறங்குனா கமிட்டியில மல்லாட்டை மூட்டைக்குத்தான் அழுத்தம்.

"அண்டை நாடு பாவம்"ம்பாங்க இன்னும் சில பேர். சரி, நேபாளத்து இஞ்சி வரட்டும், இலங்கை மிளகும் பட்டையும் வரட்டும். அது அங்க உழுதவன் வயித்துக்குப் போகும். பீப்பாய் மாத்துனவனுக்கு எதுக்குங்க சலுகை?

2020 செப்டம்பர் 21-ல இருந்து, சான்றிதழைக் காட்டுனா மட்டும் போதாது, சரக்கு எப்படி அந்த ஊர்ச் சரக்காச்சுங்கற விவரமும் இறக்குமதியாளர் கையில இருக்கணும்னு சுங்க விதி வந்துச்சு. நல்லதுதான். ஆனா அது கணக்கு சரியான்னுதான் பாக்கும். கணக்கு போடுற முறையே தப்புங்கறேன் நான்.

1994-ல வந்த வட அமெரிக்க ஒப்பந்தத்துல பெரும்பாலான துணிமணிக்கு நூல்ல இருந்தே கணக்கு போட்டாங்க. நூலும் அந்த மூணு நாட்டுலயே நூத்திருக்கணும்னு இருந்துச்சு. துணிக்கு நூல்னா எண்ணெய்க்கு விதை. விதை எங்க வெளஞ்சுதோ அதுதான் ஊரு. எண்ணெய்க்கு மட்டுமாவது இந்த சதவீதக் கணக்கைத் தூக்கிப் போடுங்க.

டிஸ்கி: ஒப்பந்தமே வேணாம்னு நான் சொல்லல. ஒப்பந்தத்தைப் பத்தி சண்டை போடுற நாம, அதோட பின்னிணைப்பையும் ஒரு தடவை படிச்சுட்டு சண்டை போடுவோம்ங்கறேன் :-)