முற்றத்து வெள்ளம்

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து வகுப்பறைகளில் ஆசிரியரின் குரலைக் காட்டிலும் கூரைமேல் விழும் மழையின் குரலே ஓங்கி நிற்கும். அத்தகைய ஒரு பிற்பகலிற் பாடத்தை நிறுத்திவிட்டு, நானும் மாணாக்கரும் யன்னலோரம் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செந்நிற வெள்ளம் வீதியோர வாய்க்காலை நிறைத்து ஓடிற்று. அப்பொழுது ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, ஆவணியிலே எங்கள் கிணற்றில் வாளி தரைதட்டுகிறது. மாரியிலே இவ்வளவு நீரையும் கடலுக்கு அனுப்பிவிடுகிறோம். இது என்ன கணக்கு?"

உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. அக்கணக்கிற் பிழைவிட்டோருள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன், சேறு படாதிருக்கட்டும் என்று எண்ணி, வீட்டு முற்றம் முழுவதற்கும் சீமெந்து இட்டேன். கிடுகுவேலி நின்ற இடத்தில் மதிலும் எழுப்பினேன். முன்னர் மண்ணிற் சுவறிய மழைநீர் அதன்பின் படலையால் வழிந்து ஒழுங்கையிற் பாய்ந்தது. அங்கிருந்து பள்ளத்திலுள்ள அயல்வீட்டிற்குட் புகுந்தது. அவ்வீட்டு மூதாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, உம்மடை வெள்ளம் எங்கடை அடுப்படிக்குள்ளை நிக்குது" என்று மாத்திரம் சொன்னார். அச்சொல்லை நான் இன்றும் மறந்திலேன்.

மாணவன் கேட்ட கணக்கைச் சற்றுச் செய்து பார்ப்போம். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் 2,300 லீற்றருக்கு மேற்பட்ட நீர் விழும். குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கின்றது. அஃதாவது, ஒரு சிறு வீட்டின் கூரையில் மட்டும் ஓரிலட்சம் லீற்றருக்கு அதிகமான நீர் வந்து விழுகின்றது. வீதிகளிலும் கடைத்தெருக்களிலும் விழுவதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மாத்திரம் ஓடுவது. நாம் அருந்துவதும் தோட்டத்துக்கு இறைப்பதும், நிலத்தடிச் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்ந்து நிற்கும் மழைநீரே. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. நிலத்துட் புகும் மழை குறைந்து இறைப்பு மிகுந்தால், உவர் மேலேறும். முன்னோர் ஊர்தோறும் தோண்டிய குளங்களில் தங்கிய நீர் மெல்ல இறங்கி அயற்கிணறுகளுக்கு ஊற்றாயிற்று. இன்றோ அவற்றுட் பல தூர்ந்தும் குப்பை நிறைந்தும் கிடக்கின்றன.

"அவ்வாறாயின், வாய்க்கால் நீரை ஒரு குழிக்குள் விட்டால் முடிந்ததன்றோ?" என ஒருவர் வினவலாம். இங்கேதான் அவதானம் வேண்டும். கோடை கழிந்து பெய்யும் முதல் மழை, வீதியிற் படிந்த எண்ணெயையும் வண்டிச் சக்கரங்கள் தேய்ந்த தூளையும் சாணத்தையும் குப்பையையும் கழுவிக்கொண்டு வரும். அந்நீரை நேரே பாறை வெடிப்பில் விட்டால், வடிபடாமலே அயலார் கிணற்றை அது சென்றடையும். உரத்தாலும் மலசலக் குழிகளாலும் நம் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கனவே மிகுந்துள்ளது. அதற்குமேல் வேறும் நஞ்சு சேர்க்கலாமா?

மழைநீரைத் தூய்மை செய்ய மண்ணும் புல்வேரும் வேண்டும். ஆழமற்ற ஒரு பள்ளத்தில் மணல் கலந்த மண்ணை இட்டுச் செடிகளை நட்டு, அதில் வெள்ளத்தைத் தங்கச் செய்தால், கலங்கல் படியும். எண்ணெயும் உலோகத் துகளும் மண்ணிற் பற்றிக்கொள்ளும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். வேர்கள் மண் இறுகாதபடி காக்கும். கரைந்த நைத்திரேற்றை மட்டும் மண் எளிதில் தடுக்காது. ஆகையால், மலசலக் கழிவு மழை வாய்க்காலிற் கலவாதிருத்தல் முதல் நிபந்தனையாகும்.

இவ்வெளிய முறையை ஒரு பெருநகரமே தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெரும்பகுதிக்கு மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயிற் செல்கின்றன. பெருமழையில் அது நிரம்பி வழிய, அழுக்கு ஆறுகளிற் கலந்தது. நிலத்தடியிற் பெருஞ்சுரங்கங்களை மட்டும் நம்பாமல், 2011ஆம் ஆண்டில் அந்நகரத்தார் 25 ஆண்டுத் திட்டமொன்றைத் தொடங்கினர். வீதியோரங்களிலும் பாடசாலை முற்றங்களிலும் பூங்காக்களிலும் மழையின் முதல் அங்குலத்தையாவது தங்கவைத்தல் அதன் நோக்கம். அதற்கு முன்பே, 2010 முதல், வீடுகளல்லாத பெரிய வளவுகளுக்கு, நீர் புகாத கூரையும் தளமும் எவ்வளவு உண்டோ அதற்கேற்ற மழைநீர்க் கட்டணத்தையும் படிப்படியாக ஏற்படுத்தினர். நீரைத் தம் வளவிலேயே தங்கச் செய்வோருக்கு அக்கட்டணம் குறையும். வெள்ளத்தை அயலிடத்துக்குத் தள்ளுவதற்கும் ஒரு விலையுண்டு என்பதை அவ்விதி யாவருக்கும் உணர்த்திற்று.

அவர்களது கவலை ஆறு. நமது கவலை கிணறு. எனினும் நம் மாநகரசபையும் நகரசபைகளும் பிரதேச சபைகளும் அதிலிருந்து கற்கத்தக்கவை உள. முதலாவது, எந்த ஒழுங்கையின் வெள்ளம் எந்தக் குளத்துக்குச் செல்லவேண்டும் என்று காட்டும் படம் ஒன்று ஒவ்வொரு சபையிடமும் இருத்தல் வேண்டும். வீதிக்குத் தாரிட்டபின் வாய்க்காலைப் பற்றி எண்ணுவது காலங்கடந்த செயல். இரண்டாவது, குளவாயிலில் வெள்ளம் தணிந்து படியப் புல்வாய்க்காலும் சிறு பள்ளமும் அமைத்தல் வேண்டும். மூன்றாவது, கட்டட அனுமதி வழங்கும்போது, வளவில் ஒரு பகுதியேனும் மண்ணாக இருக்கும்படி விதித்தல் வேண்டும். நான்காவது, படிந்த சேற்றை ஆண்டுதோறும் மாரிக்கு முன் அகற்ற ஆளும் பணமும் ஒதுக்கல் வேண்டும். திறப்பு விழாவுக்குப் பலர் வருவர். சேறு அள்ளும் நாளில் யார் வருவர்? திட்டத்தின் உயிர் அவ்வினாவில் இருக்கின்றது.

சென்ற கோடையில் என் முற்றத்துச் சீமெந்தில் ஒரு பகுதியை உடைத்தெடுத்தேன். கிணற்றுக்குத் தூரமாக, படலைக்கு அண்மையில், கணுக்காலளவு பள்ளம் செய்து, மணலும் மண்ணும் இட்டு, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டேன். மாணாக்கர் சிலரும் வந்து மண் சுமந்தனர். சிறுமழை இப்பொழுது வளவிலேயே நின்று சில மணி நேரத்தில் வற்றிவிடுகின்றது. பெருமழையிலோ இன்னும் படலையால் வழியத்தான் செய்கின்றது. ஒழுங்கையில் உள்ள ஏனைய வீடுகளின் வெள்ளமும் அதனோடு சேர்கின்றது. மூதாட்டியின் அடுப்படி முற்றாகத் தப்ப, ஒரு வீட்டின் முயற்சி போதாது. ஒழுங்கை முழுவதும் ஒத்து நடக்க வேண்டும், சபையும் முன்வர வேண்டும்.

வாசக நேயர்களே, அடுத்த மழை பெய்யும்போது ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு படலைவரை சென்று பாருங்கள். உங்கள் முற்றத்து வெள்ளம் யாருடைய வீட்டுக்குப் போகின்றது?