பால் கொப்பி யார் பெயரில்?



ஷெல் பட்ட வலது கையால் இரண்டு பசுக்களைக் கறப்பது கஷ்டமாக இருக்கிறது, தானாகவே பால் கறக்கும் இயந்திரம் இருக்கிறதாமே, அது எங்களுக்குச் சரிவருமா என்று வன்னியில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கொட்டிலில் நின்றே ஆக வேண்டிய எல்லாப் பெண்களுக்கும் உரிய கேள்வி இது. கல்யாணவீடு என்றாலும் செத்தவீடு என்றாலும் மாட்டுக்கு லீவு இல்லையே.

அவர் கேள்விப்பட்டது ரொபோக் கறவை. 1992இல் நெதர்லாந்துப் பண்ணைகளுக்கு வந்தது. மாடு தீனியை நாடித் தானே உள்ளே வரும். கழுத்துப்பட்டியில் உள்ள அடையாளத்தை வைத்து இயந்திரம் அது எந்த மாடு என்று அறிந்து, காம்புகளைக் கழுவி, லேசர் கதிரால் இடம் கண்டு கிண்ணங்களைப் பொருத்தும். ஒரு ரொபோ சுமார் 60 மாடுகளைப் பார்த்துக்கொள்ளும். கறவை ஆள் கிடைக்காத குடும்பப் பண்ணைகளுக்கு விடியற்காலைக் கட்டாயம் நீங்கியது உண்மை. ஆனால் பழுது வந்தால் நடுச்சாமத்திலும் வீட்டுக்காரரை எழுப்பிவிடும். விலையோ ஒரு லட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டும்.

நான் வேலை செய்யும் கண்டிப் பக்கத்தில், குண்டசாலையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும், இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்களே அதிகம். தோட்டத்துப் பெண் பகல் முழுவதும் கொழுந்து எடுத்துவிட்டு, மாலையில் புல்லுக்கட்டோடு லயத்துக்கு வருகிறாள். இங்குள்ளவை பெரும்பாலும் ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடுகள். கன்று பக்கத்தில் இல்லாவிட்டாலும் பால் தரும். வன்னியில் பட்டியாக மேயும் நாட்டு மாடு அப்படியல்ல. கன்று முட்டிக் குடித்தால்தான் பால் இறங்கும். ஆகவே எந்த இயந்திரமானாலும் முதலில் பார்க்க வேண்டியது மாட்டின் இனம்.

ரொபோவுக்கும் கைக்கும் இடையில் வாளிக் கறவை இயந்திரம் ஒன்று இருக்கிறது. மோட்டார் காற்றை உறிஞ்ச, ரப்பர் உறை போட்ட நான்கு கிண்ணங்கள் பாலை இழுக்கும். கையில் பலம் குறைந்தவருக்கு இது நல்ல உதவி. ஆனால் ஒவ்வொரு முறையும் வெந்நீரால் கழுவாவிட்டால் மடிவீக்க நோய் மாட்டுக்கு மாடு தொற்றும். மடியைத் துடைத்தவுடன் தாமதிக்காமல் பொருத்த வேண்டும். பால் சுரப்பு 5 முதல் 7 நிமிடத்தில் அடங்கிவிடும். கறந்து முடிந்ததும் தீனி வையுங்கள். காம்புத் துவாரம் மூடும்வரை, அரை மணித்தியாலமாவது, மாடு படுக்காமல் நிற்கட்டும். கையால் கறப்பவர்களும் இதைச் செய்யலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்படி வந்தால் மறுபடியும் கைதான்.

இரண்டு பசுவுக்காகக் கடன் எடுத்து இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட நுண்கடன்களை, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை, அரசாங்கமே ஏற்க வேண்டி வந்தது. கிழமைத் தவணைக்காரர் படலையடியில் நின்றதை உங்களில் பலர் அறிவீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கையால் கறக்கும்வரை அது பெண்ணின் வேலை. மோட்டார் பூட்டியதும் மகனோ மருமகனோ பொறுப்பெடுக்கிறார். பிறகு சேகரிப்பு நிலையத்துக்குப் பால் கொண்டுபோவதும் அவரே. பால் கொப்பியும் வங்கிக் கணக்கும் அவர் பெயருக்குப் போய்விடுகின்றன. சாணம் அள்ளுவதும் புல் அறுப்பதும் மட்டும் அம்மாவிடம் மிஞ்சுகின்றன. கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்குபவருக்கு அந்தப் பால்காசுதான் சொந்தக் காசு.

சகோதரிக்கு என் யோசனை இது: கை நோகும் நாட்களில் அயலில் ஒருவருக்குக் கறவைக் கூலி கொடுத்தால் மாதம் எவ்வளவு வரும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். அரச மிருக வைத்திய அலுவலகத்திலும் விசாரியுங்கள். இயந்திரம்தான் என்று முடிவானால், விற்பவர் உங்கள் மாட்டிலேயே ஒருமுறை போட்டுக் காட்டட்டும், ரப்பர் உறை எங்கே கிடைக்கும் என்றும் சொல்லட்டும். பற்றுச்சீட்டை உங்கள் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.