கணினிக்கு வேற்றுமை கற்பிப்போர் யார்?

கணினி ஆங்கிலம் மட்டுமே அறியும் என்றொரு நம்பிக்கை தமிழாசிரியர் பலரிடையே வேரூன்றி நிற்கிறது. 1972-இல் பாயான் லெப்பாசில் இன்டெல் நிறுவனம் கால்பதித்தது முதலாக மின்னணுத் தொழிலால் வளம் பெற்ற பினாங்கிலே இந்நம்பிக்கை நிலவுவது வியப்புக்குரியது. அத்தீவின் ஆலைகளில் சோதிக்கப்படும் சில்லு ஆங்கிலமும் அறியாது, தமிழும் அறியாது. மின்னோட்டத்தின் இரு நிலைகளையே அஃது அறியும். ‘இஃப்’ என்றும் ‘பிரிண்ட்’ என்றும் எழுதப்பெறும் சொற்கள் மனிதனின் வசதிக்காக அமைந்தவை. அவற்றைப் பொறிக்குரிய கட்டளைகளாக மாற்றித் தருவது இடையில் நிற்கும் மற்றொரு நிரலே.

இடையில் நிற்பது ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஒரு நிரல்மொழியின்மேல் புதிய தொடரமைப்பை ஏற்றி, எழுதியதை மீண்டும் பழைய மொழிக்கே பெயர்த்துத் தரும் முறை அரை நூற்றாண்டாக வழக்கிலுள்ளது. 1970களில் கெர்னிகன் இயற்றிய ‘ராட்ஃபார்’ ஃபோர்ட்ரானாகப் பெயர்ந்தது. ஸ்திரௌஸ்திரப்பின் சி++ 1980களில் முதலில் சி மொழியாக மாறிய பின்னரே பொறியைச் சென்றடைந்தது. 2009-இல் தோன்றிய காஃபிஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்டாகப் பெயர்ந்தது. அதில் புழங்கிய வடிவங்களை ஒத்த சில, 2015-இல் ஜாவாஸ்கிரிப்டின் தரத்துக்குள்ளேயே இடம்பெற்றன. இவற்றைக் கற்றவனின் எதிர்காலம் இருண்டுவிடும் என்று எவரும் புலம்பவில்லை. மேலே ஏற்றப்படும் வடிவம் தமிழாக இருந்தால் மட்டும் புலம்பல் எழுவது ஏன்?

இப்புலம்பல் மலேசியத் தமிழருக்குப் புதிதன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது எழுந்த வாதமும், 2016-இல் இருமொழித் திட்டம் தமிழ்ப்பள்ளி வாயிலுக்கு வந்தபோது எழுந்த வாதமும் இதுவே. தமிழில் சிந்தித்த பிள்ளை பின்தங்கிவிடும் என்பது அதன் சாரம். மேலேற்றிய வடிவில் எழுதியது அடிமொழியாகவே வெளிவருகிறது என்னும்போது, பிள்ளை இரண்டையும் அருகருகே வைத்துக் கற்கலாம் அல்லவா? ஆனால் எதிர்ப்பாளர் கூறுவதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிரல் பிழைபட்டால் பிழைச்செய்தி, பிள்ளை எழுதாத அடிமொழி வரியைச் சுட்டி ஆங்கிலத்தில் வந்து நிற்கும். அச்செய்தியையும் தமிழ் வரிக்குத் திருப்பித் தாராத கருவி அரைகுறைக் கருவியே.

மற்றொரு சாரார் உளர். ஆங்கிலச் சொற்களை அகராதி கொண்டு மாற்றிவிட்டால் தமிழ் நிரல்மொழி பிறந்துவிட்டது என முழங்குவோர் அவர். இவர்களால் விளையும் தீங்கு முன்னவர்களால் விளைவதினும் சிறிதன்று. ‘இஃப்’ நின்ற இடத்தில் ‘என்றால்’ என்று வைத்துவிட்டு, நிபந்தனையை அதன் பின்னே எழுதச் சொல்வது எந்த நாட்டுத் தமிழ்? தமிழில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னுமே நிற்கும்.

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ இதனை உணர்ந்த மொழி. 2009-இல் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. பைத்தனில் இயற்றப்பெற்ற அம்மொழியில் நிபந்தனையை எழுதிய பின்னரே ‘ஆனால்’ வரும். இறுதியில் ‘முடி’ வரும். நிபந்தனை மெய்யாயிருக்குமளவும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்விக்க ‘வரை’ என்ற சொல் அங்கே ஆளப்படுகிறது. ‘உயிர் உள்ளவரை’ என்னும்போது இச்சொல் அந்நிலை நீடிக்கும் காலத்தைச் சுட்டுகிறது. ‘விடியும்வரை’ என்னும்போதோ அந்நிலை வரும் எல்லையைச் சுட்டுகிறது. கணினிக்கு இவையிரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான கட்டளைகள். முன்னிற்கும் வினை எதுவென்று நோக்கிப் பொருள் துணிவது இலக்கண ஆசிரியரின் வேலை; அவர் அங்கே இல்லை. இளங்கோ சேரன் குளோஜர் மொழியின் மீது தமிழ் வடிவங்களை ஏற்றியபோதும் துணைநின்ற தமிழாசிரியர் எத்தனை பேர்?

சப்பானியர் செய்ததை நோக்குக. 2004-இல் வெளிவந்த ‘நாதேசிகோ’ அவர்தம் மொழியிலேயே எழுதப்பெறும் நிரல்மொழி. அதன் மூன்றாம் பதிப்பு ஜாவாஸ்கிரிப்டாகப் பெயர்ந்து இயங்குகிறது. சப்பானியமும் தமிழ்போல் வினையை இறுதியில் நிறுத்தும் மொழி. செயப்படுபொருளைச் சுட்ட அவர்கள் ‘ஓ’ என்னும் இடைச்சொல்லைப் பெயரின் பின் வைக்கின்றனர். நிரலும் அவ்வாறே எழுதப்படுகிறது. நம் இரண்டாம் வேற்றுமை ஐகாரத்துக்கு நிகரானது அது. ஆயினும் அவர்களுக்கு வேலை எளிது. இடைச்சொல் சேர்ந்தாலும் பெயர் மாறாது. தமிழிலோ ‘மரம்’ என்று பெயரிட்ட மாறியை ஐயுருபோடு எழுதினால் ‘மரத்தை’ ஆகிவிடும். அத்துச் சாரியையை நீக்கிப் பகுதியைக் காணாத கருவி, ‘மரத்தை’ என்பதை முன்பின் அறியாத பெயரென்று தள்ளிவிடும்.

எழுத்தளவிலும் இடர் உண்டு. பைத்தனின் மூன்றாம் பதிப்பு ‘மரம்’ என்னும் பெயரை ஏற்கிறது. கூகுள் 2009-இல் வெளியிட்ட ‘கோ’ மொழி ஏற்பதில்லை. பெயரில் எழுத்தும் எண்ணும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. யூனிகோடோ மகரத்தின்மேல் வரும் புள்ளியை எழுத்தாகக் கொள்ளாமல் சார்ந்துவரும் குறியாக வகுத்துள்ளது. மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்ததைக் கற்பிக்கும் ஆசிரியர் எத்தனையோ பேர். அப்புள்ளியால் ஒரு நிரல் தடைபட்டு நிற்கும் செய்தி அவர்தம் செவிக்கு எட்டவேயில்லை.

1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிற்று. இன்று அம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கெல்லாம் புணர்ச்சி விதி தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்பட்டுத் தேர்வோடு மறக்கப்படுகிறது. அவ்விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதித் தருவதை ஆசிரியப் பயிற்சியிலேயே ஒரு பயிற்சியாக வைத்தால் என்ன? ‘வீடு’ வீட்டில் ஆகும். ‘எழுத்து’ எழுத்தில் ஆகும். ‘ஆறு’ எண்ணாயின் ஆறில், நதியாயின் ஆற்றில். இதனைப் பொறிக்கு எழுதித் தரவேண்டியவர் பாயான் லெப்பாஸ் பொறியாளர் அல்லர்.