கப்பல் சாப்பாடும் நம் இடுப்புச் சுற்றளவும்

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாலு ராத்திரி உல்லாசக் கப்பலில் பிரயாணமாம். டிக்கெட் எல்லாம் வாங்கியாச்சு. "போன வருஷம் கோவாவில் மூன்று நாள் ஓட்டலில் தங்கியதற்கே ரவிக்கையெல்லாம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கப்பலில் விடிந்ததிலிருந்து நடுராத்திரி வரை சாப்பாடு போட்டுக்கொண்டே இருப்பார்களாமே! என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. என்ன செய்ய?" என்று கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்தில் நம் ஜனங்களுக்குக் கப்பல் என்றால் ரஜூலாதான். 1926ல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று எத்தனையோ பேரைப் பிழைப்புக்காக ஏற்றிக்கொண்டு போயிற்று. அதில் போனவர்கள் யாரும் எடை கூடித் திரும்பினதாக நான் கேட்டதில்லை! இப்போது கதையே வேறு. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் கிளம்பியது. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களிலும் நம்மவர்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். நானும் இரண்டு வருஷத்துக்கு முன் என் ஓர்ப்படி குடும்பத்தோடு அப்படி ஒன்றில் போய் வந்தேன். ஆகையால் கேள்விப்பட்டதை வைத்து மட்டும் இதை எழுதவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் போய் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. இருபது வருஷமாகக் காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்த பெண்பிள்ளைக்கு, நாலு நாள் யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ தட்டைக் கழுவுவது என்பது என்ன சாதாரண விஷயமா? அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கத்தான் வேண்டும். ஆனால் அனுபவிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு.

கப்பலில் முக்கியமான சாப்பாடெல்லாம் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. "இவ்வளவு பணம் கட்டியாச்சே, சாப்பிடாமல் விட்டால் நஷ்டம்தானே" என்று மனசு கணக்குப் போடுகிறது. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கட்டின காசு கட்டினதுதான். இரண்டு பூரி கூடத் தின்றால் கம்பெனிக்காரன் எதையும் திருப்பித் தரப்போவதில்லை.

இன்னொரு காரணம், வகை. நம் வீட்டில் சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல் என்றால் வயிறு நிரம்பியதும் கை தானாக நின்றுவிடும். கப்பல் பஃபேயில் ஐம்பது அறுபது பதார்த்தம் வரிசையாக இருக்கும். சாதம் போதும் என்று தோன்றின பிறகும் நூடுல்ஸைப் பார்த்தால் ஆசை வரும். அது முடிந்ததும் கேக்குக்கு இடம் கிடைக்கும். இது நம் பலவீனம் மட்டும் இல்லை, மனித சுபாவமே அப்படித்தான். 1981ல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி சாண்ட்விச்சை மட்டும் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, நாலு விதமாகக் கொடுத்தபோது ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்களாம். அப்படியென்றால் அறுபது விதத்துக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் பஃபேக்குப் போனதும் தட்டை எடுக்காதீர்கள். கையை வீசிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சுற்று நடந்து பாருங்கள். என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தபின், இரண்டு மூன்றை மட்டும் மனசில் குறித்துக்கொண்டு வந்து தட்டை எடுங்கள். எதைக் குறித்துக்கொள்வது? வீட்டில் செய்ய முடியாததை. பூரி கிழங்கு, ஃபிரைட் ரைஸ், உருளைக்கிழங்கு சிப்ஸ், ரொட்டி ஜாம் இதெல்லாம் நம் ஊரில் கிடைக்காததா? இதைத் தின்னவா கடல் தாண்டிப் போகிறோம்? நான் போனபோது ஒரு நாள் பழங்களாகவே எடுத்துக்கொண்டேன். டிராகன் பழம், மங்குஸ்தான், நம் ஊரில் விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டு வருகிற பழமெல்லாம் அங்கே வெட்டி அடுக்கி வைத்திருந்தார்கள்.

காலைச் சாப்பாட்டில்தான் ஏமாந்துபோகிறோம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் போட்ட கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள, அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1660 கலோரி போதும். பிறை வடிவத்தில், வெண்ணெய் நிறையப் போட்டுச் சுட்ட க்ரோசான் என்று ஒரு ரொட்டி வைத்திருப்பார்கள். உள்ளங்கையளவு ஒன்றே கிட்டத்தட்ட 240 கலோரி. இரண்டு க்ரோசான், கொஞ்சம் வெண்ணெய் ஜாம், ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸ் என்றால் சுமார் 700 ஆகிவிடும். காற்றைத் தின்ற மாதிரி இருப்பதால் வயிறு நிரம்பின உணர்வே வராது, பதினோரு மணிக்கு மறுபடி பசிக்கும். அதற்குப் பதில் இரண்டு முட்டை, இல்லையென்றால் சுண்டல், தயிர், ஒரு பழம் என்று ஆரம்பித்தால் மத்தியானம் வரை தாங்கும். இட்லி இருந்தால் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. க்ரோசானை ஒரு நாள் ருசி பார்க்கத்தான் வேண்டும். ஒன்றை வாங்கி இரண்டு பேர் பிய்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்குப் பஃபேயைவிட உட்கார்த்தி வைத்துப் பரிமாறும் சாப்பாட்டுக் கூடம் நல்லது. அங்கே ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவருவார்கள், அளவும் சின்னதாக இருக்கும். நடுநடுவே காத்திருக்கிற நேரத்தில் வயிறு "போதும்" என்று சொல்லிவிடும். அது சொல்ல இருபது நிமிஷம் ஆகுமாம். பஃபேயில் அந்த இருபது நிமிஷத்துக்குள் நாம் இரண்டாவது தட்டில் இருப்போம். பந்தி இரண்டு நேரமாக இருந்தால் முன்னதாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைச் சாஸ், மயோனெய்ஸ் எல்லாம் தனியாகக் கிண்ணத்தில் வேண்டும் என்று சொன்னால் கொடுப்பார்கள். மயோனெய்ஸ் ஒரு பெரிய ஸ்பூன் 90 கலோரி. அதைச் சாலட் தலையில் ஊற்றிவிட்டு "நான் இலை தழைதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொள்வதில் என்ன பிரயோஜனம்?

இனிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு வேளைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானமோ ராத்திரியோ. மேஜைக்கு ஒன்று வாங்கி ஸ்பூனைச் சுற்றிக் கொடுத்தால் நாலு பேருக்கும் ருசி தெரிந்துவிடும்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் அம்மாமார்களுக்கு இன்னொரு வினை. குழந்தை ஆசைப்பட்டு பீட்ஸாத் துண்டு, நூடுல்ஸ், ஐஸ்கிரீம் என்று தட்டு நிறைய வாங்கிவிட்டு, நாலு வாய் தின்றுவிட்டு நீச்சல் குளத்துக்கு ஓடிவிடும். "வீணாப் போகுதே" என்று மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வது யார்? நாம்தான்! அப்பாமார்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழந்தைக்கு ரொட்டி வைக்கிற சின்னத் தட்டை எடுத்துக்கொடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே பதார்த்தம், முடித்தால் மறுபடி போய் வாங்கலாம். சாப்பாடும் வீணாகாது, நம் வயிறும் குப்பைத்தொட்டி ஆகாது.

குடிக்கிற விஷயத்தில் தண்ணீர்தான் நல்லது. கோலா மாதிரி பானம் 300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஆறேழு டீஸ்பூன். கலர் கலராகக் குடை செருகித் தரும் பானங்களும் லேசுப்பட்டவை அல்ல. வீட்டுக்காரர் 'அந்தப்' பக்கம் போகிறவராக இருந்தால், மதுவிலும் ஒரு கிராமுக்கு 7 கலோரி உண்டு, கூடவே வறுத்த முந்திரியும் வரும் என்று காதில் போட்டு வையுங்கள். கேட்கிறாரோ இல்லையோ!

இனி சர்க்கரை விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அதிகம் தின்பது மட்டுமே ஆபத்து என்று நினைக்கிறோம். என் ஓர்ப்படிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. வீட்டில் ராத்திரி ஏழு மணிக்கு மாத்திரை, ஏழரைக்குச் சாப்பாடு. கப்பலில் எங்களுக்கு ஒதுக்கின பந்தி எட்டேகாலுக்கு. அவங்க வழக்கப்படி ஏழு மணிக்கு அறையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சூரியாஸ்தமனம் பார்க்க எங்களோடு மேல்தளத்துக்கு வந்துவிட்டாங்க. பிறகு கூடத்தில் உட்கார்ந்து, மெனு கார்டு பார்த்து, சூப் வருவதற்குள் மணி எட்டரை தாண்டியாச்சு. பேசிக்கொண்டே இருந்தவங்க சட்டென்று பேச்சை நிறுத்தினாங்க. நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுக்கம். காபிக்கு வைத்திருந்த சர்க்கரையில் மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. அந்தக் கால் மணி நேரம் எங்கள் யாருக்கும் உயிரே இல்லை.

ஆகையால் புறப்படுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து, "சாப்பாட்டு நேரம் இப்படி மாறும், மாத்திரையை எப்போது போடுவது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து, குளுக்கோஸ் பாக்கெட், சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அது அறைக்கு வர நேரமாகும். ராத்திரி விருந்துக்காக மத்தியானம் பட்டினி கிடப்பது சர்க்கரைக்காரர்களுக்குக் கூடவே கூடாது. மற்றவர்களுக்கும் அது ராத்திரி இரண்டு மடங்கு தின்பதில்தான் போய் முடியும்.

காலையில் கூட்டம் வருவதற்கு முன் மேல்தளத்தில் அரை மணி நடங்கள். அந்தக் கடல் காற்றுக்கு ஈடே இல்லை. முழங்கால் வலி இல்லாதவர்கள் லிஃப்டை விட்டுவிட்டுப் படி ஏறலாம். ஆனால் "நடந்துவிட்டேனே" என்று கூட ஒரு கேக் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் நடந்தாலும் 200 கலோரிதான் செலவாகும், ஒரு க்ரோசானுக்குக்கூட அது காணாது. போகிறபோது எலாஸ்டிக் வைத்த சுடிதாராகவே எடுத்துப் போகாமல், அளவாகத் தைத்த ரவிக்கை ஒன்றும் புடவையும் பெட்டியில் வையுங்கள். இரண்டாம் நாள் ராத்திரி கட்டிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

திரும்பி வந்த மறுநாளே எடை பார்த்துவிட்டு அழ வேண்டாம். ஒன்றிரண்டு கிலோ கூடத்தான் காட்டும். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். நாலு நாளில் அத்தனையும் நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். பெரும்பங்கு உப்பாலும் மாவுப் பண்டங்களாலும் உடம்பில் தங்கின தண்ணீர்தான். பட்டினி எல்லாம் போடாமல் வழக்கமான ரசம், கீரை, மோர் என்று இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் காலையில் வெறும் வயிற்றோடு நிறுத்துப் பாருங்கள். அப்போது காட்டுவதுதான் சரியான எடை.