கப் அலுமாரியில இருக்கு, ஆடின பசங்க எங்க?

போன லீவுக்கு கம்பஸ்ல இருந்து நாங்க மூணு பேரும் இரத்தோட்டைக்கு வந்திருந்தப்போ, பழைய மாணவர்களோட வட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. கருப்பு வெள்ளை. பதினொரு பேர், ரெண்டு வரிசை. நடுவுல ஒரு கப். பாதிப் பேர் காலில சப்பாத்து இல்லை. போட்டோவுக்குக் கீழே அதிபர் பேர் இருக்கு, பயிற்றுவித்த ஆசிரியர் பேர் இருக்கு, கப் கொடுத்த பிரமுகர் பேரும் இருக்கு. ஆடின பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொல்தான்: ‘அணியினர்’.

பாடசாலைக்கு ஒரு மலர் போடப் போறாங்களாம். “நீங்க ஆர்ட்ஸ் பிள்ளைங்கதானே, அந்தக் காலத்து உதைபந்தாட்ட டீமைப் பத்திப் பெருமையா ஒரு கட்டுரை எழுதித் தாங்க” என்று கேட்டாங்க. நாங்களும் சரின்னுட்டோம். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிஞ்சது, பெருமையா எழுதுறதுக்கு எங்களிடம் இருந்தது அந்தக் கப் மட்டும்தான்.

அதனால் ஒரு பாடசாலை டீமோட வெற்றியை எப்படி எழுதணும்னு தெரிஞ்சுக்க வேற இடங்களில் தேடினோம். தேடினதுல கிடைச்ச ஒரு டீம் எங்களைத் தூங்கவிடலை. அது அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருந்த கார்லைல் இந்தியப் பாடசாலை. ஆடினது நம்ம உதைபந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுற அமெரிக்க ஃபுட்போல். ஆனால் கதை நமக்கு அவ்வளவு தூரம் இல்லை.

கார்லைலை 1879இல் ஆரம்பித்தவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற இராணுவ அதிகாரி. பழைய படைமுகாம் ஒன்றுதான் பாடசாலை. பூர்வகுடிப் பிள்ளைகளை ஊர்களிலிருந்து ரயிலேற்றிக் கொண்டு வந்து, முடியை வெட்டி, சொந்தப் பேரை மாற்றி, தாய்மொழி பேசக்கூடாதுன்னு தடை போட்டாங்க. பிள்ளைக்குள்ள இருக்கிற பூர்வகுடியை இல்லாமல் ஆக்கணும் என்பதுதான் அதன் வெளிப்படையான நோக்கம். நோயிலும் ஏக்கத்திலும் செத்துப் போன பிள்ளைகளுக்கு அங்கேயே கல்லறைத் தோட்டம் இருக்கு. கிட்டத்தட்ட 200 குழிகள். 2017க்குப் பிறகுதான் அமெரிக்க இராணுவம் அந்த எலும்புகளைத் தோண்டி எடுத்துக் குடும்பங்களிடம் கொடுக்க ஆரம்பித்தது.

அந்தப் பாடசாலையில் இருந்துதான் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த டீம்களில் ஒன்று வந்தது. ஆரம்பத்தில், ஒரு பையன் காயப்பட்டதும் வெளி டீம்களோடு ஆடுறதை பிராட் நிறுத்திட்டார். பையன்கள் கூட்டமாகப் போய்க் கேட்டாங்க. அவர் ரெண்டு நிபந்தனை போட்டார்: அடிச்சாலும் திருப்பி அடிக்கக்கூடாது, சில வருஷங்களுக்குள் நாட்டின் பெரிய டீமை ஜெயிக்கணும். ஆக, கொஞ்சம் ஆடிச் சந்தோஷப்படுறதுக்குக்கூட அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்னு நிரூபிச்சுக் காட்ட வேண்டியிருந்தது.

நிரூபிச்சாங்க. 1911இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தை 18க்கு 15 என்று ஜெயிச்சாங்க. அந்த சீசனில் ஒரே ஒரு தோல்விதான், அதுவும் ஒரு புள்ளியில. 1912 இன்னும் பெரிய சீசன்: 12 வெற்றி, 1 சமநிலை, 1 தோல்வி. அந்த வருஷம் நவம்பர் 9ஆம் திகதி, வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியை அவங்க கிரவுண்டிலேயே 27க்கு 6 என்று தோற்கடித்தாங்க. வூண்டட் நீ என்ற இடத்தில் பூர்வகுடிகளை இராணுவம் கொன்று குவித்து அப்போ 22 வருஷம்தான் ஆகியிருந்தது. எதிர் டீமில் ஆடின ஒரு பையன் பிறகு நாட்டின் ஜனாதிபதி ஆனார். பேர் ஐசன்ஹவர்.

கார்லைலின் நட்சத்திரம் ஜிம் தோர்ப். அதே 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ரெண்டு தங்கம் வாங்கியிருந்தார். அடுத்த ஜனவரியில் ஒரு செய்தி வந்தது: கொஞ்ச வருஷத்துக்கு முன்னே லீவு நேரத்தில் சின்னக் காசுக்கு பேஸ்போல் ஆடினாராம். பதக்கங்களைப் பறிச்சாங்க. பயிற்சியாளர் வோர்னர் தனக்கு எதுவுமே தெரியாதுன்னு கைகழுவிட்டார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை நம்பவில்லை. வேலை போனது பயிற்சியாளருக்கு இல்லை, பெயர் போனது தோர்ப்புக்கு. 1953இல் அவர் இறந்தபோதும் பதக்கம் திரும்பவில்லை. 1982இல் பாதி நியாயம், 2022இல்தான் முழு நியாயம்: அவர் மட்டுமே முதலிடம் என்று ஒலிம்பிக் குழு ஒத்துக்கொண்டது.

இன்னொன்று. தோர்ப்பும் கூட்டாளிகளும் அந்த மெட்ச் எல்லாம் ஆடின காலத்தில், அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லாருக்கும் குடியுரிமை இருக்கலை. அந்தச் சட்டம் 1924இல்தான் வந்தது. கைதட்டினவங்க பல பேர் அந்தப் பிள்ளைகளைத் தங்கள் நாட்டுக்காரங்களாவே நினைக்கலை. 1948இல் ஒரே சட்டத்தில் நாடில்லாதவங்களாக ஆக்கப்பட்ட தாத்தா பாட்டிகளோட பேரப்பிள்ளைகள் நாங்க. எங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை.

எங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் தோர்ப் இல்லை. கஸ் வெல்ச். 1912 டீமின் குவாட்டர்பேக், ஆட்டத்தை நடத்துறவர். கப், புகழ், பத்திரிகையில படம் எல்லாம் கிடைச்ச பிறகும் அவர் சும்மா இருக்கலை. பாடசாலையில் நடக்கிறதை விசாரிக்கணும்னு கேட்கும் மனுவுக்கு மாணவர்களிடம் கையெழுத்து சேர்த்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பேர் கையெழுத்துப் போட்டாங்க. 1914இல் காங்கிரஸ் குழு வந்து விசாரிச்சது. பிள்ளைகள் வாங்கின அடி, மோசமான நிர்வாகம், மெட்ச் வசூல் காசு எங்கே போனது என்பதெல்லாம் வெளியே வந்தது. தலைமை நிர்வாகி போக வேண்டியதாயிற்று. நாலு வருஷத்தில், 1918இல், பாடசாலையே மூடப்பட்டது.

இப்போ எங்கள் கருத்துக்கு வருவோம். ஒரு டீம் ஜெயிச்சதுங்கிறதும் அந்தப் பாடசாலை நல்லா இருந்ததுங்கிறதும் ரெண்டு வேற விஷயம். கார்லைல் டீமைக் காட்டித்தான் “பாருங்க, நம்ம முறை எவ்வளவு நல்லா வேலை செய்யுது” என்று வெளியில் சொல்லிக்கிட்டாங்க. கிரவுண்டில் பதினோரு பேர் ஜெயிச்சாங்க, கல்லறையில் பிள்ளைகள் சேர்ந்துக்கிட்டே இருந்தாங்க. கப்பைக் காட்டி வகுப்பறையை மறைக்கிற பழக்கம் பென்சில்வேனியாவோட முடியலை.

கார்லைலும் நம்ம ஊரும் ஒண்ணு என்று சொல்ல வரலை. எங்கள் மொழியை யாரும் அடிச்சுப் பிடுங்கலை. எங்களுக்கு நடந்தது வேற. 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும் வரைக்கும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில்தான் இருந்தன. ஒரு ஆசிரியர், சில வகுப்பு, அதுக்கு மேல படிக்கணும்னா டவுனுக்கு நடக்கணும். படிக்கிற பிள்ளை கொழுந்து பறிக்க வராதே என்ற கணக்கும் அதில் இருந்தது. அங்கே பிள்ளையை மாற்றுறதுக்காகப் பாடசாலை கட்டினாங்க. இங்கே பிள்ளை மாறிடக்கூடாதுன்னு பாடசாலையைச் சின்னதாகவே வச்சிருந்தாங்க.

“சந்தோஷமான விஷயத்துல ஏங்க அரசியலை இழுக்கிறீங்க? மலர்னா நாலு நல்ல வார்த்தை போதாதா?” என்று குரூப்பில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நாங்களும் அந்த வெற்றியைக் கொண்டாடணும்னுதான் சொல்றோம். இரத்தோட்டைப் பக்கம் வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், இங்கே சமதரை கிடைக்கிறதே பெரிய விஷயம். கம்மடுவப் பக்கம் ஏறினாலும் சரி, ரிவஸ்டன் பக்கம் ஏறினாலும் சரி, பந்து ஒரு தடவை கைதவறினால் தேயிலைக்குள்ளோ மிளகுத் தோட்டத்துக்குள்ளோ இறங்கித் தேடணும். அப்படிப்பட்ட ஊரில் வெறுங்காலோடு ஆடி ஒரு கப் கொண்டு வந்தவங்களைக் கொண்டாடாமல் யாரைக் கொண்டாடுறது? ஆனால் கொண்டாடுறதுன்னா முதலில் பேர் சொல்லணும்.

பேர் சொல்றது முடியாத காரியமும் இல்லை. கார்லைல் ஹாவர்டை ஜெயிச்ச அதே 1911இல், ஜூலை 29ஆம் திகதி, கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யோர்க்‌ஷயர் படையணியை 2க்கு 1 என்று ஜெயிச்சது. பத்துப் பேர் வெறுங்கால், ஒருத்தர் மட்டும் பூட்ஸ். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் பதினொரு பேரின் பேரும் அங்கே தெரியும். வருஷா வருஷம் அந்த நாளைக் கொண்டாடுறாங்க. யாரோ ஒருத்தர் எழுதி வச்சதால்தான் அது நடக்குது.

அதனால் மலர்க் குழுவிடம் நாங்க மூணு விஷயம் கேட்டிருக்கோம். ஒண்ணு, பதினொரு பேரின் முழுப் பேரும் எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்பதும் போடணும். ரெண்டு, அதுக்குப் பிறகு அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எழுதணும். எத்தனை பேர் ஓ லெவல் எழுதினாங்க, எத்தனை பேர் கொழும்புக் கடைக்குப் போனாங்க, யார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாங்க, எல்லாம். மூணு, இப்போ ஆடுற பிள்ளைகளுக்கு என்ன இருக்கு, என்ன இல்லை என்று ஒரு பக்கம். பந்து, சப்பாத்து, பஸ் காசு, பயிற்சி முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்குள் இருட்டிடுறது, எல்லாத்தையும் சேர்த்து.

மூணாவது பக்கம் வேணாம், அதிபர் மனசு கஷ்டப்படும் என்று சிலர் சொல்றாங்க. கஸ் வெல்ச் கையெழுத்து வாங்கினப்போவும் யாராவது இதையேதான் சொல்லியிருப்பாங்க. அந்தப் பக்கம் இல்லாமல் வந்தால், மலரில் எங்கள் கட்டுரையும் வராது.

டவுனில் சின்னக் கடை வச்சிருக்கிற ஒரு மாமா அந்தப் போட்டோவில் பின் வரிசையில் நிற்கிறார் என்று போன வாரம்தான் தெரிஞ்சது. போனை நீட்டினோம். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு முகமா விரலை வச்சார். தன்னையும் சேர்த்து ஒன்பது பேர் சொன்னார். அதில் நாலு பேர் இப்போ இல்லை. முன் வரிசையில் இடது பக்கம் குந்தியிருக்கிற ரெண்டு பேரை மட்டும் அவருக்கு ஞாபகம் வரலை. “பட்டப்பேர்தான் தெரியும், சொல்ல வேணாம் விடுங்க” என்று சிரிச்சார்.

இன்னும் ரெண்டு பேர் மிச்சம். இதை வாசிக்கிறவங்க வீட்டில் பழைய ஆள் யாராவது இருந்தா, போட்டோவைக் காட்டிக் கேட்டுப் பாருங்க.